18 வயதுக்குப் பிறகு யார் துணை?

பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்த ஒருவருக்கு 18 வயது நிறையும்போது எதெல்லாம் முடிந்துபோகிறது என்று கேட்டால், தங்க இடம், சாப்பாடு, படிப்புச் செலவு என்று பதில் வரும். இவை முடிவது உண்மைதான். இவற்றோடு சேர்ந்து, யாருடைய கணக்கிலும் ஏறாமல், இன்னொன்றும் முடிகிறது. அந்தப் பிள்ளை இன்று எங்கே இருக்கிறது, சாப்பிட்டதா, பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டதா என்று விசாரிக்கக் கடமைப்பட்ட ஒரு ஆள் இல்லாமல் போகிறார். வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. 25 வயதில் வேலை போனாலும் அம்மாவிடம் திரும்பலாம். 30 வயதிலும் பிரசவத்துக்குத் தாய்வீடு உண்டு. ஊரில் எல்லாருக்கும் இயல்பாகக் கிடைக்கிற அந்த நீண்ட அவகாசம், அதிகம் தேவைப்படுகிற பிள்ளைகளுக்குத்தான் மறுக்கப்படுகிறது.

அப்படி விசாரிக்கிற ஒரு ஆளை எப்படித் தேடுவது, எப்போது தேடுவது, அவர் எவ்வளவு காலம் நிற்க வேண்டும் என்பது உலகம் முழுக்கப் பேசப்படுகிற கேள்வி. கேரளத்தின் தென்கோடியில் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லை ஊர்களில் நின்று அதைப் பார்த்தால் அதன் சிக்கல் இன்னொரு மடங்கு கூடுகிறது. சட்டம், சான்றிதழ், உதவித்தொகை எல்லாம் களியக்காவிளையில் ஒரு கோட்டில் வந்து நின்றுவிடுகின்றன. பிள்ளைகளின் வாழ்க்கை அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் கிடக்கிறது.

யார் இந்தப் பிள்ளைகள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அரசின் பொறுப்பில் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வளர்ப்புக் குடும்பங்களில் வளர்கிறார்கள். நம் நாட்டில் அது மிகச் சிறிய பங்கு. இங்கே பெரும்பான்மை இல்லங்கள்தான். 2020 செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் எட்டு மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. நாடு முழுவதும் இல்லங்களில் இருந்த சுமார் 2.56 லட்சம் பிள்ளைகளில் 1.84 லட்சம் பேர் அந்த எட்டு மாநிலங்களில் இருந்தார்கள். கேரளமும் தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இருந்தன. தெற்கே இல்லங்கள் மிகுந்திருப்பதற்குப் பழைய காரணங்கள் உண்டு. 1840களில் பாறசாலையில் மிஷனரி ஜான் ஆப்ஸ் தங்கிப் பணிசெய்த காலத்திலேயே லண்டன் மிஷனின் போர்டிங் பள்ளிகள் இந்த மண்ணில் வேர்விட்டிருந்தன. கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குச் சோறும் படிப்பும் ஒரே இடத்தில் கிடைக்கும் வழியாக ஹோம் என்பது இங்கே தலைமுறை தலைமுறையாகப் பழகிப்போன ஏற்பாடு. ஆகவே இல்லத்தில் இருக்கிற பிள்ளைகளில் தாய் தகப்பன் இருவரும் இல்லாதவர்கள் குறைவு. அம்மா வேறு திருமணம் செய்துகொண்டவர்கள், அப்பா குடியில் விழுந்தவர்கள், பாட்டியால் பார்த்துக்கொள்ள முடியாமல் போனவர்கள்தான் அதிகம்.

கேரளத்தில் வளர்ப்புக் குடும்ப முறை சின்ன அளவில் இருக்கிறது. அதில் இந்தக் கட்டுரைக்கு மிகவும் வேண்டியது கோடை விடுமுறைத் திட்டம். ஏப்ரல், மே மாதங்களில் இல்லத்துப் பிள்ளைகளைக் குடும்பங்கள் தங்கள் வீட்டுக்கு அழைத்துப்போய் வைத்துக்கொள்ளலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வீட்டை வந்து பார்த்து, விசாரித்து, ஒப்புதல் கொடுக்கிறது. பள்ளி திறக்கும்போது பிள்ளை இல்லத்துக்குத் திரும்புகிறது. சில குடும்பங்கள் பிறகு நீண்டகால வளர்ப்புக்கும் முன்வருகின்றன. இந்தக் குடும்பங்களைப் பற்றிப் பின்னால் மறுபடி பேச வேண்டும்.

எல்லை விஷயத்துக்கு வருகிறேன். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு, இன்றைய தமிழ்நாட்டோடு, சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டும் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. கோடு விழுந்த பிறகும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. பனச்சமூட்டுச் சந்தையில் இரு மாநிலத்தாரும் வாங்குகிறார்கள், விற்கிறார்கள். காரக்கோணம் மெடிக்கல் காலேஜுக்கு விளவங்கோட்டுப் பக்கத்து நோயாளிகள் வருகிறார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளரும் பிள்ளைகள் இரண்டு பக்கமும் உண்டு. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ் பேசுவோர் அரசோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து செய்யலாம் என்கிறது. காகிதத்தில் நல்ல உரிமைதான். ஆனால் அதை ஒரு 18 வயதுப் பிள்ளை வில்லேஜ் ஆபீஸில் போய்த் தனியாகக் கேட்டு வாங்க முடியுமா?

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். இது ஒருத்தியின் கதை இல்லை. இந்த வட்டாரத்தில் நேரக்கூடியவற்றைச் சேர்த்துச் சொல்கிறேன். அம்மாவின் ஊர் விளவங்கோட்டுப் பக்கம், ரேஷன் கார்டும் அங்கேதான். அப்பா போன இடம் தெரியாது. ஒன்பது வயதில் பாறசாலைப் பக்கத்து இல்லம் ஒன்றில் சேர்க்கப்பட்டாள். எஸ்.எஸ்.எல்.சி.யும் பிளஸ் டூவும் கேரளத்தில். ஆதாரில் இல்லத்தின் முகவரி. இப்போது வெளியே வருகிறாள். தமிழ்நாட்டில் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் இவளுக்கு இல்லை. 6 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படித்திருக்க வேண்டும். கேரளத்தில் சலுகை கேட்டால் பூர்வீகச் சான்று வேண்டும், அதற்குப் பெற்றோரின் ஆவணங்களைக் கேட்பார்கள். சாதிப் பட்டியலும் ஒதுக்கீட்டுக் கணக்கும் இரண்டு மாநிலத்திலும் ஒன்றில்லை. இந்தப் பக்கம் அக்ஷயா மையம், அந்தப் பக்கம் இ-சேவை மையம். இரண்டிலும் வரிசையில் நின்று இரண்டு விதமான பாரம் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு பாரத்திலும் பாதுகாவலர் என்று ஒரு கட்டம். 18 வயதுக்குக் கீழே இருக்கும்போது சட்டப்படி அவளைச் சொந்த மாவட்டத்துக் குழந்தைகள் நலக்குழுவுக்கு மாற்றியிருக்கலாம். 18 தாண்டிவிட்டால், அதற்குப் பிறகும் உதவி தொடர வழிசெய்யும் பிற்காப்பு ஆணை ஒன்று கையில் இல்லாத வரை, திருவனந்தபுரத்துக் குழுவுக்கும் கன்னியாகுமரிக் குழுவுக்கும் அவள் வெளியாள்.

இப்படி ஒரு பெண்ணுக்கு ஆலோசனை சொல்ல ஆள் நிறைய இருக்கலாம். அவளுக்கு வேண்டியது கூட வருகிற ஆள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, 18 வயது நிறைந்து இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைக்கு நிதியுதவி தரலாம் என்கிறது. அந்தத் ‘தரலாம்’தான் இங்கே தொல்லை. தந்தே ஆக வேண்டும் என்று எழுதியிருந்தால் ஒவ்வொரு பிள்ளையும் நீதிமன்றத்தில் கேட்கக்கூடிய உரிமையாக இருந்திருக்கும். இன்னொரு ஓட்டையும் உண்டு. பிரிவு பேசுவது இல்லத்திலிருந்து வெளியேறுகிறவர்களைப் பற்றி மட்டுமே. வளர்ப்புக் குடும்பத்தில் 18 வயதை எட்டுகிறவர் அந்த வாசகத்துக்குள் வரவில்லை. 16 வயதில் ‘குடும்பத்தோடு சேர்த்தாயிற்று’ என்று அனுப்பப்பட்டு, இரண்டே வருஷத்தில் அந்தக் குடும்பமும் கைவிட்ட பிள்ளையும் வரவில்லை. பிள்ளைகளைக் குடும்பத்துக்குத் திருப்ப வேண்டும் என்று அரசே வலியுறுத்துகிற காலத்தில் இது சாதாரண விடுபடல் ஆகாது.

2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் சட்டத்தைவிட மனிதத்தன்மையோடு எழுதப்பட்டவை. 25ஆம் விதி 21 வயது வரை பிற்காப்பு தரச் சொல்கிறது. தேவைப்பட்டால் இன்னும் இரண்டு வருஷம் நீட்டலாம். ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் வீடு, தொழில் பயிலும்போது உதவித்தொகை, சுயதொழிலுக்குக் கடன், தொடர்ந்து தொடர்பில் இருக்க ஓர் ஆலோசகர் எல்லாம் அதில் இருக்கின்றன. பிள்ளை வெளியேறுவதற்கு இரண்டு மாதம் முன்பே நன்னடத்தை அலுவலரோ நலப் பணியாளரோ திட்டம் எழுதிக் குழுவிடம் கொடுக்க வேண்டும். பிற்காப்பில் உதவ மனமுள்ள ஆட்கள், அமைப்புகளின் பட்டியல் ஒன்றை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வைத்திருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டம் மாதம் 4,000 ரூபாய் ஒதுக்குகிறது. திருவனந்தபுரத்தில் ஒரு பேயிங் கெஸ்ட் படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் அதில் பெரும்பகுதி போய்விடும். இருந்தாலும் அது இல்லாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

என் வருத்தம் அந்த இரண்டு மாதத்தைப் பற்றியது. ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் பெரியவர் ஒருவரைக் கொண்டுவந்து சேர்க்க இரண்டு மாதம் போதாது. இதைப் பற்றி வெளிநாடுகளில் நடந்த ஆய்வுகள் தெளிவாகவே பேசுகின்றன.

ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடி, மனநோய், குடும்பச் சண்டை என்று எல்லாச் சுமையும் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே வளர்ந்து நின்றார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்டவற்றில் ஒன்று, பெற்றோர் அல்லாத ஒரு பெரியவரின் உறுதியான பிடிப்பு. பாட்டி, டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர், சபைப் பெரியவர் என்று யாராகவும் அவர் இருந்தார். 2008இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் கிம் ஏரன்ஸும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் வளர்ப்புக் குடும்பங்களில் இருந்த 310 இளைஞர்களைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 160 பேருக்கு 18 வயதுக்கு முன்பே தொடங்கி, குறைந்தது இரண்டு வருஷமாவது நீடித்த ஒரு பெரியவரின் துணை இருந்தது. வளர்ந்த பிறகு அவர்களின் உடல்நலம் மேலாக இருந்தது. தற்கொலை எண்ணம் குறைவாக இருந்தது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மாசசூசெட்ஸில் 1930களின் கடைசியில் தொடங்கிய கேம்பிரிட்ஜ்–சோமர்வில் ஆய்வில் 506 சிறுவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வருஷக்கணக்கில் ஆலோசகர்களை அனுப்பினார்கள். முப்பது வருஷம் கழித்து ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப் பார்த்தபோது, உதவி பெற்ற பாதியினரே பல விஷயங்களில் மோசமாக இருந்தார்கள். நல்லெண்ணம் இருந்தால் நன்மைதான் விளையும் என்ற நம்பிக்கையைக் கைவிடச் சொல்லும் முடிவு அது. 2002இல் ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 1,138 பதின்பருவத்தினரைப் பற்றி வெளியிட்ட ஆய்வு காரணத்தின் ஒரு பகுதியைக் காட்டியது. ஒரு வருஷமோ அதற்கு மேலோ நீடித்த துணையால் பலன் இருந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன துணை பிள்ளைகளின் தன்மதிப்பைக் குறைத்துவிட்டுப் போனது. ஏற்கெனவே ஒருமுறை விடப்பட்ட பிள்ளையை இன்னொருவரும் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை இல்லத்தில் வேலைபார்க்கும் எந்தச் சிஸ்டரும் சொல்வார். கல்லூரி மாணவர்கள் கூட்டமாக வந்து, கேக் வெட்டி, போட்டோ எடுத்து, ‘அடுத்த வாரம் வாறோம்’ என்று சொல்லிவிட்டு வராமல் போகும் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லா இல்லத்திலும் உண்டு. இரண்டு மூன்று ஞாயிறு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு எந்த விருந்தாளியிடமும் பெயரைக்கூடச் சொல்லாமல் ஒதுங்கிக்கொள்கிற பிள்ளைகளும் உண்டு.

இன்னொரு வழியும் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது: துணையாளை இளைஞரே தேர்ந்தெடுப்பது. பள்ளிப் படிப்பை விட்டுவிட்ட இளைஞர்களுக்காக அமெரிக்காவில் நேஷனல் கார்ட் நடத்தும் திட்டத்தில், பிள்ளைகள் தாங்கள் ஏற்கெனவே அறிந்த ஒரு பெரியவரின் பெயரைச் சொன்னார்கள். திட்டம் அவரை விசாரித்துப் பயிற்சி கொடுத்தது. 38 மாதங்களுக்குப் பிறகும் பாதிக்கு மேற்பட்டோர் அந்தத் தொடர்பில் இருந்தார்கள். முன்பின் தெரியாத இருவரை ஜோடி சேர்க்கும் திட்டங்களில் அவ்வளவு நீளம் காண்பது அரிது. நமக்கு மிகவும் பொருந்தும் வழி இதுதான் என்று நினைக்கிறேன். அதற்கான காரணம் இந்த எல்லை ஊர்களின் அமைப்பிலேயே இருக்கிறது.

இங்கிலாந்து இதைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது. 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் அரசின் பொறுப்பிலுள்ள பிள்ளைகளுக்கு, அலுவலர் அல்லாத, சம்பளம் வாங்காத ஒருவர் வந்து பார்த்துப் பழக வழி செய்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் வெளியேறும் இளைஞருக்குத் தனி ஆலோசகரைக் கட்டாயமாக்கியது; 2017ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உதவியை 25 வயது வரை நீட்டியது. 18 ஆன பிறகும் வளர்ப்புக் குடும்பத்தோடேயே 21 வரை இருக்க 2014 முதல் வழி இருக்கிறது. அங்கேயும் குறை இல்லாமல் இல்லை. ஒரு ஆலோசகரின் கையில் பிள்ளைகள் அதிகம், ஆலோசகர்களும் அடிக்கடி மாறுகிறார்கள். இருந்தாலும் ‘25 வரை ஒருவர் பொறுப்பு’ என்று சட்டம் சொல்லும் இடத்தில் நிற்பதற்கும், ‘தரலாம்’ என்று சொல்லும் இடத்தில் நிற்பதற்கும் வித்தியாசம் பெரிது.

இந்தியாவில் முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. 1994இல் டெல்லியில் கிரண் மோதி தொடங்கிய உதயன் கேர், குடியிருப்புப் பகுதியில் சின்ன வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கிறது. ஒவ்வொரு வீட்டோடும் சம்பளமில்லாத சிலர் வழிகாட்டிப் பெற்றோராக நெடுங்காலம் இணைந்திருக்கிறார்கள். 18 வந்தாலும் அவர்கள் விலகுவதில்லை. இல்லத்திலிருந்து வெளியேறியவர்களின் நிலையை ஐந்து மாநிலங்களில் ஆராய்ந்து அந்த அமைப்பு 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இருப்பிடம், வருமானம் ஆகியவற்றோடு அடையாள ஆவணங்கள், மனநலம், சமூக உறவு ஆகியவற்றையும் சம எடையில் வைத்துப் பார்த்தது அந்த ஆய்வின் பலம். அந்த ஐந்தில் கேரளமும் இல்லை, தமிழ்நாடும் இல்லை.

நமக்கு இன்னும் பக்கத்தில், 2006இல் கொச்சியில், ஜிதின் நெடுமலாவும் நண்பர்களும் ஓர் இல்லத்துப் பிள்ளைகளோடு பழகத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது மேக் எ டிஃபரன்ஸ் அமைப்பு. ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதில் ஆரம்பித்து, 18 வயதுக்குப் பிறகும் கூட நிற்க வேண்டும் என்ற இடத்துக்கு அது வந்து சேர்ந்தது. பிள்ளைகளோடு வருஷக்கணக்கில் பழகுகிற யாரும் வந்து சேர்கிற இடம் அது. கேரள அரசின் ‘காவல்’ திட்டம் சட்டத்தோடு முரண்பட்ட சிறாருக்கு உளவியல், சமூக ஆதரவு தருகிறது. அதன் தொடர்ச்சியான ‘காவல் பிளஸ்’ பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளுக்காக முதலில் திருவனந்தபுரத்திலும் பாலக்காட்டிலும் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2025 செப்டம்பரில் வந்த ‘அன்புக்கரங்கள்’ பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. எல்லாம் நல்ல காரியங்கள். அநேகமாக எல்லாவற்றிலும் 18 என்பதே விளிம்பு.

இனி ஊருக்குள் வருவோம். நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் பொது வாழ்க்கை அடர்த்தியானது. கிராம நூலகம், குடும்பஸ்ரீ அயல்கூட்டம், சி.எஸ்.ஐ. சபை, 1996இல் உருவான நெய்யாற்றின்கரை லத்தீன் மறைமாவட்டம், எஸ்.என்.டி.பி. கிளை, என்.எஸ்.எஸ். கரயோகம் என்று ஒவ்வொரு வார்டிலும் ஏதோ ஒரு கூட்டம் கூடிக்கொண்டே இருக்கிறது. இல்லத்துப் பிள்ளை இவற்றின் ஓரத்தில்தான் நிற்கிறது. குடும்பஸ்ரீயில் குடும்பத்துக்கு ஒருவர். குடும்பம் இல்லாதவளுக்கு இடம் எது? 18 முதல் 40 வயது வரையுள்ள பெண்களுக்காக 2021இல் துணைக் குழுக்கள் வந்தன. அதற்கும் அந்த வார்டில் ஒரு வீடு வேண்டும், அவளை அழைத்துப்போக ஒரு சேச்சி வேண்டும்.

ஆனாலும் பிள்ளைகளின் வாழ்க்கையில் பெரியவர்கள் யாருமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. டியூஷன் எடுத்த டீச்சர் இருப்பார். தையல் சொல்லிக்கொடுத்தவர், இல்லத்தில் பத்து வருஷம் சமைத்துப்போட்டுவிட்டு நின்றுவிட்ட அம்மா, பள்ளியில் கால்பந்து பழக்கிய சார், ஒரு கோடை விடுமுறையில் வீட்டுக்கு அழைத்துப்போய் ஆறு வாரம் வைத்திருந்த குடும்பம் எல்லாம் இருப்பார்கள். பிள்ளைகள் இவர்களின் போன் நம்பரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இல்லத்துப் பதிவேட்டில் இவர்களின் பெயர் இருக்காது. பணியாளர் வேலையை விட்டுப் போய்விட்டால் தொடர்பு அறுந்துபோவதே வழக்கம். விடுமுறைக் குடும்பத்தின் கோப்பு ஜூன் மாதத்தில் மூடப்படுகிறது. வழிகாட்டிகளைத் தேடி வெளியே விளம்பரம் கொடுப்பதற்கு முன்னால், அந்தக் கடைசிப் பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

துணைக்கு நிற்பவர் என்ன செய்வார் என்பதைப் பெரிய வார்த்தைகளில் சொல்லத் தேவையில்லை. ராத்திரி வயிற்றுவலி வந்து ஒரு பையன் நெய்யாற்றின்கரை ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போகிறான் என்று வையுங்கள். அட்மிட் ஆக வேண்டும் என்றதும் நர்ஸ் கேட்கும் முதல் கேள்வி, ‘பைஸ்டாண்டர் ஆரு?’ மருந்துச் சீட்டை வாங்கிப் பார்மசிக்கு ஓட, ஸ்கேனுக்குத் தள்ளுவண்டியோடு போக, ஆபரேஷன் என்றால் கையெழுத்துப் போட யாராவது வேண்டும். உடன்வேலை செய்கிற இன்னொரு பையன் வந்து நிற்பான். அவனுக்கும் விடிந்தால் வேலை. காலையில் கஞ்சித் தூக்கோடு ஒருவர் வந்து, ‘நீ போய்த் தூங்கு மக்களே, இனி நான் இருக்கேன்’ என்று சொன்னால், கட்டிலில் கிடக்கும் பையனுக்கு அந்த நாளே வேறு. வாடகை வீட்டுக்காரர் ‘வீட்ல ஆரு உண்டு?’ என்று கேட்கும்போது பதில் சொல்லவும் அவர் வேண்டும். கல்ஃப் போக ஆசைப்படுகிறவனின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இரண்டு பேரின் பெயரும் முகவரியும் எழுதியாக வேண்டும். தனுவச்சபுரம் ஐ.டி.ஐ.யில் சேர்ந்து மூன்றாம் வாரமே ‘எனக்கு இது வேண்டாம்’ என்று நிற்கிறவனிடம், திட்டாமல், ஓணம் வரை போய்ப் பார், பிறகு பேசுவோம் என்று சொல்லவும் ஒருவர் வேண்டும். இதில் எதற்கும் உளவியல் பட்டம் தேவையில்லை. பழக்கமும் பொறுமையும் பஸ் காசும் தேவை.

பஸ் காசைப் பற்றித் தயங்காமல் பேச வேண்டும். மார்த்தாண்டத்தில் இருக்கும் பழைய டியூஷன் டீச்சர் மாதம் இரண்டு முறை நெய்யாற்றின்கரைக்கு வந்துபோவதற்கு ஆகும் செலவை அரசு கொடுக்கலாம். சம்பளம் வேண்டாம், சம்பளம் வந்தால் உறவின் தன்மை மாறும். ஆனால் கைக்காசைச் செலவழித்தே நல்லது செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தால் வசதியுள்ளவர்கள் மட்டுமே வழிகாட்டிகளாக இருப்பார்கள். பிள்ளைகளோடு நெருக்கமானவர்களில் பலர் வசதி இல்லாதவர்கள்.

இந்த மண்ணில் இதற்குப் பெரிய முன்னோடி உண்டு. வெங்ஙானூர்க்காரரான அய்யன்காளி 1910களில் பஞ்சமி என்ற சிறுமியின் கையைப் பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்குள் கூட்டிப்போனார். தலித் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லி அரசாணை இருந்தும் கதவு திறக்கவில்லை. அவர் கூடப் போன பிறகும் எதிர்ப்பு வந்தது, பள்ளிக்கே தீ வைத்தார்கள். ஆணை இருப்பதற்கும் உள்ளே நுழைவதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை அன்றைய நெய்யாற்றின்கரைத் தாலுகா கண்ணால் பார்த்தது. அதே நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த ஜி. ராமச்சந்திரனை, அவர் சாந்திநிகேதனில் படித்துக்கொண்டிருந்தபோது, 1924இல் காந்தியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் சி.எஃப். ஆண்ட்ரூஸ். பின்னால் ராமச்சந்திரனும் டி.எஸ். சௌந்தரமும் 1947இல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை உருவாக்கினார்கள். எல்லைக்கு இந்தப் பக்கத்து மனிதர் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்காகத் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்தது இங்கே புதிதில்லை.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. மாமல்லபுரத்தில் அநாதை இல்லங்களில் பிள்ளைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாவதாக 2007இல் வந்த பத்திரிகைச் செய்தியிலிருந்து பிறந்த வழக்கில்தான், 2017 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா இல்லங்களையும் பதிவு செய்யச் சொல்லி விரிவான ஆணைகள் பிறப்பித்தது. உதவ வருகிறவர்களில் தீங்கு செய்ய வருகிறவரும் இருப்பார். ஆகவே போலீஸ் விசாரணை, வீட்டைப் பார்ப்பது, இரண்டு பேரிடம் கேட்டறிவது, பிள்ளை தனியாகப் பேசக்கூடிய மூன்றாவது ஆள் ஒருவர் என்பவற்றில் எதையும் ‘நமக்குத் தெரிந்தவர்தானே’ என்று விட்டுவிடக் கூடாது. பிள்ளையே பெயரைச் சொன்னாலும் விசாரிக்க வேண்டும். மதம் மாற்றவோ, கட்சிக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கவோ, வீட்டு வேலைக்கு ஆள் பிடிக்கவோ இந்த உறவு வழியாகிவிடக் கூடாது. அதை எழுத்தில் வைத்துக் கையெழுத்து வாங்குவதில் தவறில்லை.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு அபாயம் இருக்கிறது. அது அன்பின் பெயரிலேயே வருகிறது. இல்லத்தில் வளர்ந்த பெண்ணுக்குச் சீக்கிரம் ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைப்பது இரண்டு மாநிலத்திலும் பழக்கம். நல்ல திருமணங்களும் நடக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் 19 வயதில், திரும்பிப் போக வீடில்லாத ஒருத்தி, அடிக்கிற புருஷனிடமிருந்து எங்கே போவாள்? கல்யாணத்துக்கு முன்னால் ‘உனக்குச் சம்மதமா?’ என்று தனியாகக் கேட்கவும், கல்யாணத்துக்குப் பிறகு மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து சாயா குடித்துவிட்டுப் போகவும் ஒரு அக்கா இருந்தால், மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்க்கும் பார்வையே மாறும். கேட்க ஆள் உண்டு என்று அவர்களுக்குத் தெரியும்.

சிலர் கேட்பார்கள்: அம்மாவோ சித்தியோ உயிரோடு இருக்கும்போது வெளியாள் எதற்கு? உறவினர் நிற்கத் தயாராக இருந்தால் அவரே முதல் தேர்வு. ஆனால் வருஷக்கணக்கில் பார்க்காத அம்மாவின் வீட்டுக்கு 18 வயதில் திரும்புகிற பையன், அந்த வீட்டின் புதுத் தகப்பனோடு ஒரு மாதம் தாக்குப்பிடிப்பதே கடினம். அப்போது வெளியே ஒருவர் இருந்தால், அம்மாவோடு உள்ள உறவையும் காப்பாற்றித் தர முடியும். இரண்டையும் எதிரெதிராக வைக்கத் தேவையில்லை.

எது முதலில் நடக்க வேண்டும்? சட்டத்தில் ‘தரலாம்’ என்பது ‘தர வேண்டும்’ ஆக வேண்டும். வளர்ப்புக் குடும்பத்திலிருந்து வெளியேறுவோரும் அதற்குள் வர வேண்டும். அது டெல்லியில் ஆக வேண்டிய வேலை, நாளாகும். திருவனந்தபுரமும் நாகர்கோவிலும் அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை களியக்காவிளையிலோ பாறசாலையிலோ ஒன்றாக உட்கார்ந்து, 15 வயது தாண்டிய எல்லைப் பிள்ளைகளின் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்: எந்த மாநிலச் சான்றிதழ் எந்தப் பிள்ளைக்கு வேண்டும், யார் வாங்கித் தருவது, பிற்காப்பு ஆணை எந்தக் குழு கொடுப்பது என்று. 15 வயதில் தொடங்கினால் மூன்று வருஷம் கையில் இருக்கிறது. இரண்டு மாதத்தில் முடியாதது மூன்று வருஷத்தில் முடியும்.

விடுமுறைக் குடும்பங்களிடமிருந்து இதைத் தொடங்குவதுதான் எளிது. அவர்களின் வீட்டை அலகு ஏற்கெனவே போய்ப் பார்த்திருக்கிறது, விசாரணை முடிந்திருக்கிறது, பிள்ளையும் அவர்களோடு சில வாரம் வாழ்ந்திருக்கிறது. அடுத்த கோடைக்கான விண்ணப்பத்தில் இரண்டு கேள்விகளைக் கூட்டிக் கேட்கலாம். பள்ளி திறந்த பிறகும் இந்தப் பிள்ளையோடு மாதம் ஒருமுறையாவது தொடர்பில் இருப்பீர்களா? 23 வயது வரை, ஆஸ்பத்திரியிலோ அலுவலகத்திலோ பெயர் கேட்டால், உங்கள் பெயரைக் கொடுக்கலாமா? பிள்ளையிடம் தனியாக ஒரே ஒரு கேள்வி: உனக்கு யார் வேண்டும்?